அஞ்சோவி டின்: மலிவானதா, விலை கூடினதா?
வாசகர் கேள்வி பதில்

சுவிஸில் இருக்கும் அண்ணன் லீவுக்கு வந்தபோது இரண்டு அஞ்சோவி டின் கொண்டுவந்தார். ஒன்று அங்கத்தைய சுப்பர் மார்க்கெட் தன் சொந்தப் பெயரில் விற்பது. மற்றது படம் போட்ட மட்டைப் பெட்டிக்குள் இருந்தது, விலை நாலு மடங்காம். இரண்டிலும் மீன், எண்ணெய், உப்பு என்று தான் எழுதியிருக்கிறது. பெட்டிக்குத்தானா அக்கா இவ்வளவு காசு?
*வாசகி, முள்ளியவளை*

பெட்டிக்கும் கொஞ்சம் போகிறது தான் தங்கச்சி. பெரும்பங்கு போவது மீனுக்கும், அது உப்பில் கிடந்த மாதங்களுக்கும், இருந்து முள் எடுத்த பெண்களின் கூலிக்கும்.

அஞ்சோவி எங்கள் நெத்தலியின் குடும்பம், ஆனால் வேறு இனம். ஐரோப்பியக் கடலில் பிடிபடுவது நெத்தலியை விடப் பெரிசு, கொழுப்பும் கூட. ஸ்பெயினின் வடகரையில் கந்தாப்ரியக் கடலில் இளவேனில் காலத்தில் பிடிபடும் மீனுக்குத் தான் மதிப்பு அதிகம். அந்தக் கரையில் சாந்தோஞா என்று ஓர் ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் சிசிலியிலிருந்து உப்பு மீன் வியாபாரிகள் அங்கே போய் இறங்கினார்கள். இன்றைக்கும் அந்த ஊர் இந்த மீனால் தான் பிழைக்கிறது.

வேலை எப்படி என்றால், மீன் வந்த கையோடு தலையைக் கிள்ளிக் குடலை எடுத்துவிட்டு, பீப்பாயில் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு என்று அடுக்கி, மேலே பாரம் ஏற்றி வைப்பார்கள். நல்ல கொம்பனிகள் ஆறு மாதத்துக்குக் குறையாமல், சிலர் ஒரு வருசத்துக்கும் மேலாக அப்படியே விடுவார்கள். அந்த நேரத்தில் மீனின் சொந்த நொதியங்கள் புரதத்தை உடைக்கின்றன. வெள்ளைச் சதை செம்மண் நிறத்துக்கு மாறுகிறது. வெறும் உப்புக் கரிப்பாக இருந்தது நாக்கில் நின்று ஊறுகிற ருசியாக மாறுவது இந்த இடத்தில் தான். பிறகு கழுவி, தோலைத் தேய்த்து எடுத்து, செட்டையும் ஓரமும் கத்தரித்து, மீனை இரண்டாகப் பிளந்து முள்ளை எடுக்க வேண்டும். மயிர் போன்ற முள்ளுகளை எடுக்கக் கைதான் வேண்டும். சாந்தோஞாவில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் செய்யும் வேலை இது. எங்கள் வாடிகளில் கருவாடு தரம் பிரிக்கும் பெண்களின் கைவேகத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான், அதனால் அந்தக் கூலியை வீண்செலவு என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

மலிவு டின்னில் இந்த ஒவ்வொரு படியும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. மீன் சின்னன், உப்பில் கிடந்த காலம் கட்டை, துப்புரவு அவசரம். ஒலிவ் எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் சூரியகாந்தி எண்ணெய். துப்புரவு வேலை பெரும்பாலும் கூலி குறைந்த மொரோக்கோ, அல்பேனியா போன்ற நாடுகளில் நடக்கிறது. அதற்காக அந்த நாட்டு டின் எல்லாம் மட்டம் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் மிகத் திறமான கைகள் இருக்கின்றன, கொடுக்கிற நேரம் தான் போதாது.

விலைக்கு இன்னொரு காரணம் கடல். கந்தாப்ரியக் கடலும் சேர்ந்த பிஸ்கே விரிகுடாவில் அஞ்சோவி அருகிப்போனதால் 2005 ஜூலையில் அந்தத் தொழிலையே மூடினார்கள். 2010 இல் தான் ஒழுங்காகத் திறந்தார்கள். இப்போதும் வருசத்துக்கு இவ்வளவு தான் பிடிக்கலாம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். தடைசெய்த வலையும் லைட் கட்டிப் பிடிக்கிற தொழிலும் எங்கள் கரையை என்ன பாடு படுத்துகிறது என்று பார்க்கிறவர்களுக்கு, அந்த அளவின் அருமை விளங்கும்.

இனி உங்கள் இரண்டு டின்னையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முள்ளுக்கரண்டியால் ஒரு துண்டைத் தூக்குங்கள். நல்லது முழுசாக, நாடா மாதிரி எழும்பும். நிறம் தலையிலிருந்து வால் வரை ஒரே செம்பழுப்பு. மலிவானது நடுவில் அறும், ஓரத்தில் பஞ்சு போல முள் நிற்கும், அங்கங்கே சாம்பல் நிறம் தெரியும். மூக்கருகே பிடித்துப் பாருங்கள். நல்லதில் கடல் மணமும் நல்லெண்ணெய்க் கடையில் நிற்பது போன்ற ஒரு கொழுத்த மணமும் வரும். மற்றதில் பழைய மீன் எண்ணெய் வாடை முந்திக்கொள்ளும். பாணை வாட்டி, உப்பில்லாத பட்டர் தடவி, ஒரு துண்டை மேலே வைத்துக் கடித்தால் மிச்சமும் தெரிந்துவிடும். நல்லதில் உப்பு முதலில் வந்து போய்விடும், இனிப்புக்குக் கிட்டவான ஒரு ருசி பிறகு நிற்கும். மலிவானதில் உப்பு வந்தால் வந்தது தான், தண்ணீர் குடிக்கும்வரை போகாது.

ஆனால் அடுப்பில் ஏற்றினால் கதை வேறு. இரண்டு வகை டின்னையும் வேறு வேறு தாச்சியில் உள்ளியோடு எண்ணெயில் கரைத்து, கத்தரிக்காயில் போட்டு வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தேன். எது எது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஆகவே என் பதில் இது: பச்சையாக, அப்படியே சாப்பிட என்றால் விலை கூடினது. சமையலில் கரைக்க என்றால் சுப்பர் மார்க்கெட் டின் தாராளமாகப் போதும். நல்ல டின்னை கறிக்குள் போடுவது அந்தப் பெண்களின் வேலையைக் கொதிக்க வைத்து வீணாக்குவது.

வாங்கும்போது படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் பாருங்கள். எங்ரோலிஸ் என்கிரசிகோலஸ் என்ற இலத்தீன் பெயர் இருந்தால் ஐரோப்பிய அஞ்சோவி. எங்ரோலிஸ் ரிங்கென்ஸ் என்றால் பெரு, சிலிக் கரையில் பிடிபடும் இனம். பிடித்த கடலின் பெயரும் என்ன எண்ணெய் என்பதும் தெளிவாக எழுதியிருக்கிற கொம்பனிக்கு மறைக்க ஒன்றுமில்லை.

வவுனியாவில் ஒரு கடையில் அஞ்சோவி டின் கண்டு ஆசைப்பட்டு வாங்கி, வழக்கமான டின்மீன் போல வெங்காயம், தக்காளி, தூள் போட்டுக் குழம்பு வைத்தேன். உப்புக் கரித்து ஒருவராலும் வாயில் வைக்க முடியவில்லை. டின் பழுதா?
*வாசகி, நெடுங்கேணி*

டின் பழுதில்லை. நாங்கள் கறி வைக்கும் டின்மீன் வேறு சாதி. அது மீனை டின்னுக்குள் அடைத்து அவித்தது, சாப்பாடாகவே சாப்பிடுவது. அஞ்சோவியை மாசி மாதிரி நினையுங்கள். மாசியை யாரும் குழம்பாக வைத்துக் கோப்பை நிறையப் போட்டுச் சாப்பிடுவதில்லை, சம்பலுக்கும் சுண்டலுக்கும் ருசி ஏற்றத் தான் இடித்துப் போடுகிறோம். இதுவும் அந்த வேலைக்குத் தான்.

நாலு பேருக்கு மூன்று நாலு துண்டு போதும். தாச்சியில் எண்ணெய் விட்டு, அரிந்த உள்ளியும் இரண்டு செத்தல் மிளகாயும் போட்டு, மெல்லிய நெருப்பில் மீனைப் போடுங்கள். கரண்டியின் பின்பக்கத்தால் அமத்தினால் அப்படியே கரைந்து போகும், முழுசாக ஒன்றும் மிஞ்சாது. நெருப்புக் கூடினால் கரையாமல் கருகிக் கசக்கும், அதைக் கவனியுங்கள். கரைந்ததும் முருங்கையிலையைக் கொட்டி வறையுங்கள், இறக்கும்போது தேங்காய்ப்பூ. அல்லது பிய்த்த இடியப்பத்தைப் போட்டுப் பிரட்டித் தேசிக்காய் விடுங்கள். இடிசம்பலுக்கு என்றால் செத்தல் மிளகாய், வெங்காயத்தோடு இரண்டு துண்டை வைத்து இடித்து, பிறகு தேங்காய்ப்பூவைச் சேர்க்க வேண்டும். எதிலும் உப்பு போடாதீர்கள். இறக்கின பிறகு ருசி பார்த்துத் தேவையென்றால் மட்டும்.

நான் வாங்கிய டின்னில் குளிரில் வைக்கவும் என்று எழுதியிருக்கிறது. கடையில் அது சாதாரணத் தட்டில், வெயில் படுகிற யன்னல் பக்கம் இருந்தது. டின்மீன் என்றால் வருசக்கணக்கில் வெளியே இருக்கலாம் தானே?
*வாசகர், மாங்குளம்*

இதைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சாதாரண டின்மீனை மூடிய பிறகு 100 பாகைக்கு மேலே சூடாக்குகிறார்கள், உள்ளே கிருமி ஒன்றும் மிஞ்சாது. அஞ்சோவி டின்னை அப்படிச் சூடாக்குவதில்லை, சூடாக்கினால் சதை குழைந்துவிடும். உப்பும் எண்ணெயும் குளிரும் சேர்ந்து தான் அதைக் காக்கின்றன. எங்கள் வெக்கையில் மாதக்கணக்காக வெளியே கிடந்தால் நொதியங்கள் வேலையை நிறுத்தாமல், மீன் களி போலாகிவிடும். வெளிநாட்டிலிருந்து பயணப் பெட்டிக்குள் ஒரு நாள் வந்ததால் பாழாகாது, வந்தவுடன் பிரிட்ஜில் வையுங்கள்.

டின் ஊதியிருந்தால் யார் கொண்டுவந்ததென்றும் பார்க்காமல் எறியுங்கள். சரியாகப் பராமரிக்காத மீனில் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடிக்கும். சமைத்தாலும் அது அழியாது. நாக்கில் மிளகு போலச் சுள்ளென்று எரிந்தால் துப்பிவிடுங்கள். கடைக்காரரிடம் பெட்டியைக் காட்டிச் சொல்லுங்கள். எழுத்து சின்னன் என்பதால் பலர் வாசிப்பதில்லை, சொன்னால் குளிர்ப்பெட்டிக்கு மாற்றுவார்கள்.

அம்மாவுக்குப் பிரஷர். கொடுக்கலாமா?
*வாசகி, பரந்தன்*

நான் கொடுக்கமாட்டேன். ஒரு நாளுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு சின்ன டின் மீனிலேயே அதில் பெரும்பங்கு வந்துவிடும். கழுவினால் மேலே இருக்கிறது மட்டும் போகும். வறையில் கரைத்த ஒரு துண்டு பரவாயில்லையா என்பதை அவவின் டொக்டரிடம் கேளுங்கள்.

எங்கள் கரைவலையில் நெத்தலி அள்ளுப்படும் நாளில் விலையே இல்லை, அவித்துக் காயப்போடவும் மழை விடுவதில்லை. ஆனையிறவு உப்பும் கிட்டத்தான். நாங்களே இந்த டின் செய்தால் என்ன அக்கா?
*வாசகர், அளம்பில்*

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். என் அப்பாவும் சம்மாட்டியிடம் கரைவலை இழுத்தவர். மீன் குவிந்த நாளில் வீட்டுக்கு வெறுங்கையோடு வருவதன் வேதனை எனக்குத் தெரியும்.

டின் செய்யப் போக வேண்டாம். எங்கள் நெத்தலி மெல்லிசு, கொழுப்புக் குறைவு. மாதக்கணக்கில் உப்பில் கிடந்தால் துண்டாக எடுக்க ஒன்றும் மிஞ்சாது, முள்ளும் கஞ்சியும் தான். ஆனால் அந்தக் கஞ்சிக்குத் தான் காசு. வியட்நாமின் பூ குவாக் தீவில் எங்கள் நெத்தலியின் சொந்தக்கார இனங்களை, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்ற கணக்கில் பெரிய மரத்தொட்டிகளில் போட்டு, ஒரு வருசமளவில் விட்டு, வடியும் சாற்றைப் போத்தலில் அடைத்து உலகமெல்லாம் விற்கிறார்கள். மீன் சோஸ் என்று கொழும்புக் கடைகளில் இருப்பது இந்த மாதிரிச் சாறு தான். இத்தாலியில் சேதாரா என்ற கரையோர ஊரிலும் அஞ்சோவிப் பீப்பாயில் வடியும் சாற்றைத் தனியாக எடுத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். எங்கள் தெற்கில் கொறுக்காய்ப்புளியும் உப்பும் போட்டு மீனை ஜாடியில் ஊறவைப்பது காலங்காலமாக இருக்கிறது. ஆகவே இது அந்நிய வேலை இல்லை.

ஒரு விசயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மீன் கரைக்கு வந்ததும் ஐஸ் போட வேண்டும். உப்பு போடும் முன் வெயிலில் கிடந்தால், மேலே சொன்ன ஹிஸ்டமின் அப்போதே ஊறிவிடும், பிறகு எந்த உப்பும் அதை எடுக்காது. விற்கும் எண்ணம் இருந்தால் முதல் தொட்டிக்கு முன்பே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு கதையுங்கள். சங்கமாகச் சேர்ந்து செய்தால் ஐஸ் செலவும் பரிசோதனைச் செலவும் ஒருவர் தலையில் விழாது. தொடங்கினால் எனக்கு எழுதுங்கள்.

திறந்த டின்னில் பாதி மிஞ்சிவிட்டது. பிரிட்ஜில் வைத்தால் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிப்பட்டுவிட்டது. எறியட்டா?
*வாசகி, கிளிநொச்சி*

எறிய வேண்டாம். ஒலிவ் எண்ணெய் குளிரில் கட்டிப்படும், வெளியே கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும். ஆனால் தகர டின்னிலேயே வைக்காமல் சின்னக் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றி, மீன் முழுதாக மூடும்வரை எண்ணெய் விடுங்கள். ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். மீன் முடிந்த பிறகு மிஞ்சும் எண்ணெயையும் கொட்டாதீர்கள். அடுத்த நாள் பருப்புத் தாளிக்க அது நல்லது, உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள்.