ஹெலிகாப்டர் ஓட்டுபவருக்கு எதிரே இருக்கும் கம்பி தெரியாதா?

"இவ்வளவு பயிற்சி எடுத்தவருக்குக் கம்பி எப்படித் தெரியாமல் போகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2025 மே மாதம் கங்கோத்ரி வழியில் நடந்த விபத்தைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவசரமாகச் சாலையில் இறங்க முயன்றபோது, சாலையை ஒட்டிப் போன கேபிளில் விசிறி பட்டது. ஆறு பேர் இறந்தார்கள்.

உண்மையிலேயே கம்பி கண்ணுக்குத் தெரியாதுங்க. நான் விமானி அல்ல, விமானப்படையில் எம்ஐ-17 ஹெலிகாப்டரில், பறக்கும்போது இயந்திரங்களைக் கவனிக்கும் பிளைட் இன்ஜினியராக இருந்தவன். அதனால் விமானிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மங்கிப்போன கம்பிக்குப் பின்னால் காடு இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். மணிக்கு 150 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 40 மீட்டருக்கு மேல். கம்பி கண்ணில் பட்ட பிறகு திரும்ப நேரம் இருக்காது. எனவே கம்பியைத் தாங்கும் மின்கோபுரத்தைத் தேடு, அதன் உச்சிக்கு மேலாகவே கட என்பார்கள். மின்கம்பிகளுக்கும் மேலே மின்னலுக்காக மெல்லிய எர்த் கம்பி ஒன்று ஓடும். இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் கடப்பவர்கள் கீழே உள்ள கம்பிகளைப் பார்த்து ஏறி, இதில் மாட்டிக்கொள்வார்கள்.

இமயமலையில் இதுவும் உதவாது. ஆற்றைக் கடக்க, ஆப்பிள் பெட்டி இறக்க என்று மலைக்கு மலை இரும்புக் கயிறு கட்டியிருப்பார்கள். கோபுரமே கிடையாது, வரைபடத்திலும் இருக்காது. 2013 வெள்ளத்தில் உத்தராகண்டில் மீட்புப் பணியில் இருந்தோம். மேகம் இறங்கியதால் பள்ளத்தாக்கில் தாழ்வாகப் போக வேண்டியதாயிற்று. பின்னால் வயதான யாத்ரீகர்கள். வலப்பக்கச் சரிவில், மரங்களுக்கு நடுவே ஒரு தூணும் அதில் சுற்றிய கயிறும் என் கண்ணில் பட்டன. "கேபிள், மேலே!" என்று கத்தினேன். கேப்டன் ஏன் என்று கேட்கவில்லை, ஏற்றிவிட்டார். எங்களுக்குக் கீழே போனபோதுதான் முழுக் கயிறும் தெரிந்தது. அன்று நான் அங்கே உட்கார்ந்திருந்ததில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

2019 ஆகஸ்டில் உத்தரகாசி மாவட்டத்தில் வெள்ள நிவாரணத்துக்குப் போன ஹெலிகாப்டர் கேபிளில் சிக்கி மூன்று பேர் இறந்தார்கள். இப்படி ஒன்று நடந்தால் ஒரு மணி நேரத்தில் டிவியில் "விமானியின் கவனக்குறைவா?" என்று ஓடவிடுகிறார்கள். கயிற்றைக் கட்டியது யார், கயிறு இருப்பதைக் காட்ட ஒரு சிவப்பு உருண்டையாவது மாட்டினாரா என்று யாரும் கேட்பதில்லை. வானத்தை விடுங்கள், எங்கள் தெருவில் கேபிள் டிவி வயர் பைக்கில் போகிறவர் கழுத்து உயரத்தில் தொங்குகிறது. எழுதிக் கொடுத்தும் பயனில்லை.

அப்புறம், ஹெலிகாப்டர் மூக்கில் கம்பியை வெட்டும் வயர் கட்டர் வைக்கலாமே என்பீர்கள். வைக்கிறார்கள். நேராக வந்து மோதும் கம்பியைத்தான் அது வெட்டும், விசிறியில் சிக்கியதை அல்ல.