ரயிலால் பெயர் பெற்ற பால் நிறுவனம்

கேள்வி: லண்டனில் வீடுதோறும் பால் வழங்கிய ‘எக்ஸ்பிரஸ் டெய்ரி’ நிறுவனத்துக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது?
– வாசகர், ஈரோடு

பதில்: விரைவு ரயிலிலிருந்து வந்த பெயர் அது. 1864-இல் ஜார்ஜ் பார்ஹம் இதைத் தொடங்கியபோது, லண்டன் மக்கள் குடித்த பாலில் பெரும்பகுதி நகருக்குள்ளேயே, காற்றோட்டமற்ற நெருக்கமான கொட்டில்களில் கட்டப்பட்டிருந்த மாடுகளிடமிருந்து கிடைத்தது. அதில் தண்ணீர் கலப்பதும் சாதாரணமாக நடந்தது. கிராமப்புறப் பாலைக் கேன்களில் நிரப்பி, விரைவு ரயிலில் ஏற்றி, கெடுவதற்குள் நகருக்குக் கொண்டுவரலாம் என்பதே பார்ஹமின் எண்ணம். மறு ஆண்டே பரவிய வெக்கை நோயில் நகரத்து மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தபோது, குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் பால் கிடைக்க ரயிலையே நம்ப வேண்டியிருந்தது. பேரிடரில் ஊருக்குப் பாலூட்டிய அந்தப் பணியையே இந்நிறுவனத்தின் வரலாற்றில் தலையாயதாக நான் மதிக்கிறேன். பார்ஹமுக்கு 1904-இல் ‘சர்’ பட்டம் வழங்கப்பட்டது. பிற்காலத்தில் கண்ணாடிப் புட்டிகளை ஏற்றிய மின்கல வண்டிகள் விடியற்காலையில் வாசல்தோறும் சென்றன. சூப்பர் மார்க்கெட்டுகள் மலிவாகப் பால் விற்கத் தொடங்கியதும் வீட்டு விநியோகம் மெலிந்தது. 2003-இல் நிறுவனம் ஆர்லா என்ற பால்பொருள் நிறுவனத்தின் பிரிட்டன் கிளையோடு இணைந்தது.