பொண்ணுக்கு கம்யூனிகேஷன் போதாது என்கிறார்கள், கிளாஸில் சேர்க்கலாமா?

வணக்கம்ங்கம்மா. உங்கள் மகள் திருப்பூரில் டிரெய்னி மெர்ச்சண்டைசராக, அதாவது துணி ஆர்டர்களைக் கடைசிவரை கவனித்து முடித்துக் கொடுக்கும் வேலையில், சேர்ந்த சில மாதங்களிலேயே “கம்யூனிகேஷன் போதாது” என்று புரொபேஷனை நீட்டிவிட்டார்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம். ஆர்டர் கொடுக்கும் பையருக்கு மெயில் எழுதும் அளவுக்கு அவளிடம் இங்கிலீஷ் இருக்கிறது. கல்லூரியில் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ பயிற்சியும் முடித்திருக்கிறாள். சிக்கல் எங்கே என்பது அவள் சொன்ன ஒரு சம்பவத்திலேயே தெரிந்துவிட்டது.

ஒரு ஆர்டருக்கு லேப் டிப் வெள்ளிக்கிழமைக்குள் பையருக்குப் போக வேண்டும். மொத்தத் துணிக்கும் சாயம் ஏற்றுவதற்கு முன், சின்னத் துண்டில் நிறம் போட்டுக் காட்டி ஒப்புதல் வாங்குவார்களே, அதுதான் லேப் டிப். டையிங்கில் வேலை முடியாது என்று புதன்கிழமையே இவளுக்குத் தெரிந்துவிட்டது. மேனேஜரிடம் சொல்லவில்லை. எப்படியாவது வாங்கிவிடலாம் என்று டையிங்காரருக்கு போன் மேல் போன் போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜரே கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அவர் கத்தியதில் தப்பே இல்லை. புதன்கிழமையே தெரிந்திருந்தால் பையரிடம் இரண்டு நாள் கேட்டிருப்பார், இல்லையென்றால் டையிங் முதலாளியிடமே பேசியிருப்பார். நிறம் ஓகே ஆகாமல் சாயம் ஏறாது, சாயம் ஏறாமல் கட்டிங் இல்லை. அப்புறம் தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் போகும். தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பும் நிலை வந்தால் அந்த ஆர்டரில் கம்பெனிக்கு ஒன்றும் மிஞ்சாது.

அவள் சோம்பேறி இல்லை. பெரியவர்கள் எது சொன்னாலும் “சரிங்க” என்று கேட்டுக்கொள்ளும் பிள்ளையாக வளர்த்திருக்கிறீர்கள். நம் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். “முடியாதுங்க” என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறாள். ஆபீஸில் அந்த “சரிங்க”வை நம்பித்தான் மேனேஜர் பையருக்கு வாக்குக் கொடுக்கிறார்.

இனிமேல் ஒரு வேலை தள்ளிப்போகும் என்று தெரிந்த அன்றைக்கே சொல்லப் பழகட்டும். “சார், லேப் டிப் வெள்ளிக்கிழமை வராதுங்க. டையிங்கில் மெஷின் ரிப்பேர், திங்கட்கிழமை காலையில் தருகிறோம் என்கிறார்கள். பையருக்கு மெயில் போடட்டுங்களா, நீங்கள் டையிங்கில் ஒரு வார்த்தை பேசுகிறீர்களா?” இவ்வளவு போதும். என்ன ஆச்சு, எப்போது வரும், அவரிடமிருந்து என்ன வேண்டும் என்ற மூன்றும் இதில் வந்துவிட்டன. “கொஞ்சம் லேட் ஆகும் சார்” என்பதில் ஒன்றுமே இல்லை.

வேலை சொல்லும்போதும் தலையாட்டிவிட்டு வந்துவிடக் கூடாது. “அப்போ 180 ஜிஎஸ்எம், நேவி மட்டும், 14-ஆம் தேதிக்குள், சரிங்களா?” என்று அங்கேயே திருப்பிச் சொல்லிவிட வேண்டும் (ஜிஎஸ்எம் என்பது துணியின் கன அளவு). வாட்ஸ்அப்பில் “நாளைக்கு” என்று எழுதாமல் தேதியையும், எந்த உடை என்று காட்டும் ஸ்டைல் நம்பரையும் போடட்டும். மறுநாள் படிப்பவருக்கு நாளைக்கு என்றால் எந்த நாள்?

கட்டிங் மாஸ்டரிடம் அவள் படும் பாடு வேறு கதை. முப்பது வருஷம் கத்திரி பிடித்தவருக்கு, நேற்று வந்த பெண் ஏசி ரூமிலிருந்து போனில் அவசரப்படுத்தினால் கோபம் வரத்தான் செய்யும். மேஜைக்கே போய், “ஏனுங்கண்ணா, இந்த ஸ்டைல் இன்னைக்கு முடியுங்களா? எதுல நிக்குதுங்க?” என்று கேட்கட்டும். துணி பத்தவில்லை, பேட்டர்ன் மாறியிருக்கிறது என்று அவரே காரணத்தைச் சொல்லிவிடுவார். இந்த வித்தையை எந்தக் கிளாஸிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலைக்காகக் கத்துவது வேறு, ஆபாசமாகப் பேசுவதும் தொடுவதும் வேறு. அதைப் பொறுத்துப் போகச் சொல்லாதீர்கள். பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். யாரிடம் புகார் கொடுப்பது என்று அவள் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

இனி உங்களுக்கு, அம்மா. நீங்கள் இருவரும் என்னைப் பார்க்க வந்த அன்றைக்கு, நான் அவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். சம்பளம் எவ்வளவு என்றதற்குக்கூட! ஊருக்கு வரும்போது பேங்க் வேலை, கேஸ் புக்கிங், மோட்டார் ரிப்பேர்காரரிடம் கூலி பேசுவது எல்லாம் அவளே செய்யட்டும். தடுமாறினாலும் நடுவில் புகாதீர்கள். மேனேஜருக்கு நீங்கள் போன் பண்ணப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து வேண்டாம்.

அவளே இந்த வாரம் மேனேஜரிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்கி, “எந்தெந்த விஷயத்தை நான் முன்னாடியே சொல்லியிருக்கணுங்க சார்?” என்று கேட்கட்டும். அவர் சொல்வதை எழுதி எடுத்துக்கொண்டு என்னிடம் வரச் சொல்லுங்கள். தனியாக வரட்டும்.