சண்டைக்குப் போறது எப்படி சோதனை மெஷின் ஆகும்?

கேள்வி: 1979ல வந்த ஜப்பான் அனிமே 'மொபைல் சூட் கன்டம்'ல வர்ற ஆர்எக்ஸ்-78-2 ரோபோவ ஏன் சோதனை மெஷின்னு சொல்றாங்க சார், அது நேரா சண்டைக்கே போகுதே?

பதில்: சண்டைதாங்க அதோட சோதனையே. 18 மீட்டர் உயரம், கையில பீம் ரைஃபிள்ங்கற கதிர் துப்பாக்கி, லூனா டைட்டானியம்ங்கற கற்பனை உலோகத்துல கவசம்னு செலவப் பாக்காம புதுசா இருந்த அத்தனையையும் அதுல போட்டுப் பாக்குறாங்க, உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் ஒவ்வொரு சண்டையிலயும் கத்துக்குது, அந்த டேட்டாவ வச்சுதான் ஜிம்ங்கற ரோபோவ மொத்தமா செஞ்சு தள்றாங்க. எனக்கு ரொம்பப் புடிச்சது அந்த வயித்துப் பகுதி, ரோபோ நொறுங்கினாலும் அது குட்டி விமானமா பிரிஞ்சு பைலட்டையும் டேட்டாவையும் காப்பாத்திடும்! ஜிம்ல அத எடுத்துட்டாங்க, கவசமும் விலை குறைஞ்சதுதான். அந்த ஜிம்ம ஓட்டுற பசங்கள நெனச்சா மனசு கனக்குது.