சாம்பாரில் பருப்பு எவ்வளவு? – சத்துச் சொற்கள்: கேள்வி பதில்

வணக்கம். மதுரையில் ஒரு மருத்துவமனையில் 16 வருடமாக டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். கலோரி, புரதம், பிஎம்ஐ, ஜிஐ என்று தினமும் காதில் விழும் சொற்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: எடையைக் குறிப்பிடும்போது அது சமைப்பதற்கு முன் எடுத்ததா, சமைத்த பின் எடுத்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது தெரியாமல் பதில் சொன்னால் கணக்கு மூன்று மடங்கு வரை தப்பாகிவிடும்.

கேள்வி: பாக்கெட்டில் கிலோகலோரி என்று போட்டிருக்கிறது, எல்லோரும் கலோரி என்கிறார்கள். ஆயிரம் மடங்கு வித்தியாசமா?

இல்லை. உணவைப் பற்றிப் பேசும்போது இரண்டும் ஒன்றுதான். ஒரு கிலோ தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி செல்சியஸ் ஏற்றத் தேவைப்படும் ஆற்றல் ஒரு கிலோகலோரி. பேச்சில் 'கிலோ' உதிர்ந்துவிட்டது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. அதனால்தான் தோசைக்கு ஊற்றும் எண்ணெயைக் கவனிக்கச் சொல்கிறேன். ஒரு டீஸ்பூன் 45 கலோரி. தோசைக்கு ஒரு டீஸ்பூன் என்றால் மூன்று தோசைக்கு 135. 100 கிராம் சோறு சாப்பிட்டதற்குச் சமம்.

கேள்வி: 100 கிராம் அரிசிக்கு 350 கலோரி என்று ஒரு இடத்தில், 130 என்று இன்னொரு இடத்தில். எது சரி, டாக்டர்?

நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியன். இரண்டுமே சரி. 350 என்பது அரிசிக்கு, 130 என்பது சோற்றுக்கு. 100 கிராம் அரிசி தண்ணீர் குடித்து ஏறக்குறைய 300 கிராம் சோறாகிறது. முதலிலேயே கெஞ்சிக் கேட்டது இதற்காகத்தான்.

கேள்வி: என் பிஎம்ஐ 24. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி நான் சரியான எடை. எங்கள் டாக்டர் 'ஓவர்வெயிட்' என்கிறார்.

உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். பிஎம்ஐ என்பது கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் கெட்லே என்ற கணித அறிஞர் கண்டுபிடித்த கணக்கு அது. உலக அளவுகோலில் 25ஐத் தொட்டால்தான் அதிக எடை. ஆனால் நம்மவர்களுக்கு அதே எடையில் வயிற்றுக் கொழுப்பு கூடுதல், சர்க்கரை நோயும் சீக்கிரம் வருகிறது. அதனால் இந்தியர்களுக்கு 23லிருந்தே அதிக எடை, 25லிருந்து உடல் பருமன் என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு டெய்லர் டேப் வாங்கி இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் பிஎம்ஐ எவ்வளவு இருந்தாலும் கவனம் வேண்டும்.

கேள்வி: என் எடை 60 கிலோ. தினமும் இரண்டு வேளை சாம்பார் சாப்பிடுகிறேன். புரதம் போதும்தானே? (தேனி)

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020இல் சொன்ன பரிந்துரை, பெரியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். உங்களுக்கு நாளைக்கு 50 கிராம். (இந்த அளவுகளை வகுக்கும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் ஒற்றை அறை ஆய்வகமாகத்தான் தொடங்கியது. பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோயை ஆராய வந்தவர்கள்.)

இப்போது சாம்பாருக்கு வருவோம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் துவரம்பருப்பைக் குக்கரில் போடும் முன் தராசில் வைத்தேன். வழக்கமாக எடுக்கும் டம்ளருக்கு 120 கிராம். 100 கிராம் பருப்பில் 22 கிராம் புரதம் என்றால் அதில் சுமார் 26 கிராம். நாங்கள் நான்கு பேர். காலை இட்லிக்கு, மதியம் சோற்றுக்கு என்று எட்டுப் பங்கு. ஒரு பங்குக்கு 3 கிராம் சொச்சம். கரண்டியில் மொண்டு பார்த்தால் முருங்கைக்காயும் புளித்தண்ணீரும்தான் முக்கால்வாசி. மாதிரிக்கு ஒரு பங்கை வடிகட்டியும் பார்த்தேன். அடியில் தங்கிய பருப்பு இரண்டு ஸ்பூன்கூட இல்லை.

இரண்டு வேளையும் சேர்த்து 7 கிராமுக்குள். பருப்பு கெட்டது என்று சொல்லவில்லை. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) பருப்பில் நிறைய உண்டு. அதனால் பருப்பும் சோறும் சேர்வது அருமையான ஜோடி. பிரச்சினை அளவில்தான். ஒரு முட்டை 6 கிராம், 200 மில்லி பால் அல்லது தயிர் 6, ஒரு கைப்பிடி வேர்க்கடலை (30 கிராம்) 7, 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டல் 9 முதல் 10. இந்த 50 கிராம் ஊறவைப்பதற்கு முன் எடுத்த எடை! இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்தால் சோற்றில் வருவதோடு உங்கள் கணக்கு நேராகிவிடும்.

கேள்வி: தேனிக்காரருக்குச் சொன்ன பதிலை ஏற்க முடியவில்லை மேடம். என் தாத்தா கம்பங்கூழ் குடித்தே 80 வயதுவரை ஏர் பிடித்தார். புரதப் பயம் பவுடர் விற்பவர்கள் கிளப்பியது. (கோவில்பட்டி)

சார், பவுடர் விற்பதற்காகப் பயம் காட்டுகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பவுடர் வாங்கச் சொல்லி நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் தாத்தா எவ்வளவு கம்பு சாப்பிட்டார் என்று யோசித்துப் பாருங்கள். நாள் முழுக்க வயலில் நிற்பவர் அரைக் கிலோ தானியம் சாப்பிடுவது அப்போது சாதாரணம். கம்பில் 100 கிராமுக்கு சுமார் 11 கிராம் புரதம். அரைக் கிலோவுக்கு 55. அவருக்குத் தானியத்திலேயே புரதம் கிடைத்துவிட்டது, கலோரியை ஏர் எரித்தது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் நாம் அரைக் கிலோ தானியம் தின்றால் சர்க்கரை நோய்தான் வரும். தானியம் குறையும்போது அதோடு வந்த புரதமும் குறைகிறது. அந்த இடத்தை நிரப்பத்தான் சுண்டலும் முட்டையும்.

கேள்வி: கோவில்பட்டி அண்ணன் சொல்வது பழைய காலம். ஜிம்மில் கிலோவுக்கு 2 கிராம் கட்டாயம் என்கிறார்கள். 0.83 நோயாளிகளுக்கான அளவு. (கோவை)

தம்பி, 0.83 ஆரோக்கியமானவர்களுக்கான அளவுதான். எடை தூக்கித் தசையேற்றுபவருக்குக் கூடுதலாக வேண்டும், சந்தேகமில்லை. 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது, அதைத் தாண்டினால் பெரிதாக எதுவும் கூடுவதில்லை. கூட்டும் முன் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு வெளியே தெரியாமலேயே இருக்கும். அந்த நிலையில் புரதத்தை ஏற்றுவது ஆபத்து.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போட்டால் சுகர் ஏறாதா?

ஏறும். இரண்டிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான்.

கேள்வி: கருப்பட்டி?

ஏறும்.

கேள்வி: தேன்?

ஏறும். பனங்கற்கண்டு பற்றிக் கேட்ட மூன்று பேருக்கும் இதே பதில்தான்.

கேள்வி: ராகிக் கஞ்சி குடித்த பிறகு எனக்கு சுகர் 240 காட்டுகிறது. சிறுதானியத்துக்கு ஜிஐ குறைவு என்றார்களே?

ஜிஐ, அதாவது கிளைசீமிக் இண்டெக்ஸ், ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதைக் குளுக்கோஸோடு ஒப்பிடும் எண். 55 வரை குறைவு, 70க்கு மேல் அதிகம். 1981இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டுவந்தது. ஆனால் இந்த எண் தானியத்தோடு ஒட்டிப் பிறந்தது இல்லை. ராகியை நைசாக அரைத்து, கொழகொழவென்று காய்ச்சி, ஆறு நிமிடத்தில் குடித்து முடித்தால் மாவுச்சத்து சட்டென்று செரித்து ரத்தத்தில் இறங்கும். கால்சியத்துக்கு ராகி பிரமாதம், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். அதை விட்டுவிடாதீர்கள். கஞ்சிக்குப் பதில் களியோ அடையோ செய்து, கீரை, சுண்டலோடு மெதுவாகச் சாப்பிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள். மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: டீடாக்ஸுக்கு தினமும் காலையில் சுரைக்காய் சாறு குடிக்கலாமா?

உடலின் கழிவை வெளியேற்றும் அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ராத்திரி பகலாகப் பார்க்கின்றன, சாறு தேவையில்லை. குடிப்பவர்கள் தயவுசெய்து முதலில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். கசப்புச் சுரைக்காயில் இருக்கும் குக்கர்பிட்டசின் என்ற நஞ்சு ரத்த வாந்தி வரை கொண்டுபோகும். இந்தியாவில் உயிரிழப்பே நடந்திருக்கிறது. தேன் கலந்து கசப்பை மறைத்துக் குடிப்பது மகா தப்பு.

கேள்வி: பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் பயனில்லையா?

நிச்சயம் உண்டு. அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து வந்தது. 'மான்போ கேய்' என்றால் பத்தாயிரம் காலடிகளை எண்ணும் கருவி. வாரம் 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடங்கள். இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள்.

கேள்வி: 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று போட்ட பிஸ்கட்டை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருட்கள் எடை வரிசையில் இருக்கும், அதிகமானது முதலில். மைதா முதலில், மால்டோடெக்ஸ்ட்ரின் (சர்க்கரையைப் போலவே சுகரை ஏற்றும் மாவுப்பொருள்) நடுவில் என்றால் வேண்டாம். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராம்தான்.

கேள்வி: மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிட்டு உணவால் கட்டுப்படுத்தலாமா?

மருந்து எழுதிய டாக்டரிடம் மட்டும் கேளுங்கள்.

கேள்வி: முட்டையில் புரதம் எவ்வளவு?

மேலே தேனிக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். இதே கேள்வி கேட்ட மற்ற நான்கு பேரும் தயவுசெய்து அதைப் படித்துவிடுங்கள்.

மறுபடியும் கோவில்பட்டி: அளந்து பார்த்துவிட்டேன் மேடம். அம்மா கரைக்கும் கூழில் ஆளுக்கு 60 கிராம் மாவுதான் வருகிறது. காய்ச்சுவதற்கு முன் எடுத்த எடை. தொட்டுக்கொள்ளக் கருவாடும் உண்டு.

எடையைச் சரியாக எடுத்ததற்கு ரொம்ப நன்றி சார். 60 கிராம் கம்பு மாவில் ஆறரை கிராம் புரதம். 100 மில்லி தயிரைக் கடைந்து கூழில் ஊற்றினால் இன்னொரு 3. பக்கத்தில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை வைத்தால் 7 சேர்ந்து காலைச் சாப்பாட்டிலேயே 16 கிராம் தாண்டிவிடும். கருவாட்டிலும் புரதம் நிறைய இருக்கிறது, உப்பும் அதே அளவு தூக்கல். வெந்நீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் போடச் சொல்லுங்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை ஏதாவது ஓடுகிறதா? அதைச் சொன்னால் கருவாடு வாரத்துக்கு எத்தனை நாள் என்று எழுதுகிறேன்.