பட்டறைக் கேள்வி பதில்: இரண்டு குதிரைத்திறன் வேண்டாம்

கேள்வி: என் சிறிய மரவேலைப் பட்டறைக்கு நானே ஒரு தூசி உறிஞ்சி செய்தேன். ஒரு குதிரைத்திறன் மோட்டார், 4 அங்குல வாய் கொண்ட புளோயர், காற்றைச் சுழற்றித் தூளைப் பிரித்துக் கீழே டிரம்மில் விழவைக்கும் சைக்ளோன், முடிவில் துணிப்பை. கையில் இருந்த 2 அங்குல பிவிசி குழாயை 20 அடி ஓட்டி, நான்கு எல்போ போட்டு ரம்ப மேசைக்குக் கொண்டுவந்தேன். குழாய் முனையில் கையை வைத்தால் நன்றாக இழுக்கிறது. ஆனால் ரம்பத்தூள் பாதிக்கு மேல் தரையில்தான் கிடக்கிறது. மோட்டாரை இரண்டு குதிரைத்திறனாக மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். இப்போதிருக்கும் மோட்டாரே பாதி வேலைகூட இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது என் சந்தேகம்.

கம்பியைக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். மோட்டாருக்குப் போகும் ஒற்றைக் கம்பியில் மட்டும் அதை மாட்டுங்கள். இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்தால் முள் அசையாது. குழாய் பொருத்திய நிலையில் எத்தனை ஆம்பியர் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, ரம்ப மேசைப் பக்கத்துக் குழாய் முனையை ஒரு பலகைத் துண்டால் மூடிவிட்டுப் பாருங்கள். இந்த வகை புளோயருக்குக் காற்றை அள்ளித் தள்ளுவதுதான் சுமை. வாயை அடைத்தால் சுமை குறைந்து கரண்ட் இறங்கும். இரண்டு அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், உங்கள் 2 அங்குலக் குழாயும் அந்தப் பலகையும் புளோயருக்கு ஒன்றுதான். அங்கே இரண்டு குதிரைத்திறன் வைத்தாலும் அதுவும் சேர்ந்து சும்மா சுற்றும்.

கையை இழுக்கிறதே என்கிறீர்கள். மூடிய குழாயில் தெரிவது இழுவிசை மட்டும். எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதை அது சொல்லாது. வாக்குவம் கிளீனர் குறைந்த காற்றை மிகுந்த விசையோடு இழுக்கும். அதற்கு ஒல்லிக் குழாய் போதும். புளோயரின் குணம் நேர் எதிர். நிறையக் காற்று தரும், ஆனால் தடையைத் தாங்காது.

குழாயின் விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசியாகிவிடும். அதே அளவு காற்று அதில் போக வேண்டுமென்றால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 32 மடங்கு. மரத்தூள் குழாயில் படியாமல் ஓட, காற்று நிமிடத்துக்குச் சுமார் 4,000 அடி வேகத்தில் போக வேண்டும். 4 அங்குலக் குழாயில் அது நிமிடத்துக்கு 350 கன அடி காற்று. ஆகவே புளோயரின் வாயிலிருந்து மேசை வரை 4 அங்குலமாகவே கொண்டுபோங்கள். மேசைக்கு அடியில் ரம்பத்தைச் சுற்றியிருக்கும் பெட்டியின் வாயும் 4 அங்குலம் இருக்கட்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அதற்காக 8 அங்குலத்துக்குத் தாவாதீர்கள். வேகம் குறைந்து தூள் குழாயிலேயே படுத்துவிடும்.

எல்போ ஒவ்வொன்றுக்கும் பதிலாக இரண்டு 45 பாகை வளைவுகளை, இடையில் ஒரு சாண் நேர்க்குழாய் விட்டுப் போடுங்கள். கிளை பிரிக்க சாய்வாகப் பிரியும் ஒய் (Y) வடிவ இணைப்பு போடுங்கள், செங்குத்தாகப் பிரியும் டீ (T) வடிவம் வேண்டாம். நெளிகுழாய் கடைசி இரண்டு மூன்று அடிக்கு மட்டும். அதன் உட்புற மடிப்புகள் காற்றைப் பிடித்து நிறுத்தும்.

இனி டிரம். சைக்ளோன் புளோயருக்கு முன்னால் இருந்தால், அதன் கீழிருக்கும் டிரம்மும் இழுப்புக்குள்தான். மூடி விளிம்பில் மெல்லிய இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து, கீழே விழுந்த தூளைத் திரும்ப மேலே கிளப்பிவிடும். டிரம் காலி, பை நிறைவு என்றால் குற்றவாளி அங்கேதான். மெல்லிய தையல் நூலை விளிம்போடு மெதுவாக நகர்த்துங்கள்; ஒழுகும் இடத்தில் நூல் உள்நோக்கி வளையும். ஊதுபத்திப் புகையில் பார்க்கலாம் என்பார்கள். மரத்தூள் பறக்கும் அறையில் தணல் எதற்கு?

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் மும்முனை மோட்டார் மாட்டியபோது கம்பிகளை மாற்றிக் கொடுத்துவிட்டேன். தலைகீழாகச் சுற்றினாலும் இந்த புளோயர் உறிஞ்சவே செய்யும், நோஞ்சானாக. ஒரு வாரம் குழாயைத் திட்டிக்கொண்டு இணைப்புகளைப் பிரித்துப் பிரித்துப் பூசினேன். புளோயர் கூட்டில் சுழற்சித் திசைக்கு ஓர் அம்புக்குறி இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். உங்களுடையதையும் பார்த்துவிடுங்கள்.

பெரிய குழாய் போட்டபின் கிளாம்ப் மீட்டரை மறுபடி மாட்டுங்கள். இப்போது ஆம்பியர் ஏறியிருக்கும். மோட்டார் தகட்டில் பொறித்த அளவைத் தாண்டினால், குழாய் வாயை ஓரளவு மூடி வையுங்கள்.

கேள்வி: துணிப்பையைத் தட்டினால் இழுப்பு கூடுகிறது, அரை மணியில் குறைந்துவிடுகிறது. புதுப் பை வாங்கவா?

பதில்: பெரிய பை வாங்குங்கள். துணியின் பரப்பு கூடக்கூட அடைப்பு தாமதமாகும். புதுப் பை முதல் சில நாட்கள் நுண்தூளை வெளியே விடும். துணியில் தூள் படலம் ஏறியபின் அது குறையும். ஆகவே தட்டும்போதும் சரி, புதுப் பை மாட்டிய நாட்களிலும் சரி, முகக்கவசம் வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறார்கள். சுவரில் துளையிட்டுக் காற்றை நேரே வெளியே விட இடம் இருந்தால், பையே வேண்டாம்.