காந்த டிரெயின் பிளக்: ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் மோட்டார் சைக்கிளில் காந்தம் பொருத்திய டிரெயின் பிளக்கை (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் திருகை) போட்டிருக்கிறேன். இனி இரண்டு மடங்கு தூரம் ஓடிய பிறகு ஆயிலை மாற்றினால் போதும் என்றார் விற்றவர். கழற்றிப் பார்த்தபோது நுனியில் கரும் பசை போல ஏதோ ஒட்டியிருந்தது. என்ஜின் தேய்கிறதா?

பதில்: பிளக் நல்ல பொருள். அவர் சொன்ன கணக்குதான் பொய். பிஸ்டன் ரிங், கேம் ஷாஃப்ட், கியர் பற்கள் தேய்ந்து உதிரும் இரும்புத் தூளைக் காந்தம் பிடிக்கும். வடிகட்டி நழுவவிடும் மிக நுண்ணிய தூளும் அருகில் வந்தால் சிக்கும். பிஸ்டனின் அலுமினியம், பேரிங்கின் செம்பு, ஈயம், உள்ளே நுழைந்த மண்தூசி ஆகியவற்றை அது சீண்டாது.

ஆயில் கெடும் விதமே வேறு. சூட்டில் ஆக்சிஜனேற்றம் நடந்து தடிக்கிறது, கரி சேர்கிறது, எரியாத பெட்ரோலும் ஈரமும் கலக்கின்றன, தேய்மானத்தைத் தடுக்கச் சேர்த்த துத்தநாகச் சேர்மம் தீர்ந்துபோகிறது. இவற்றில் எதைக் காந்தம் நிறுத்தும்? இரும்புத் தூள் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் என்பதால் அதை அகற்றுவதில் சிறு நன்மை உண்டு, அவ்வளவுதான். தயாரிப்பாளர் கையேடு சொல்லும் தூரத்திலேயே மாற்றுங்கள்.

உங்கள் பசைக்கு வருவோம். விரலில் தேய்த்துப் பாருங்கள். மை போல வழவழவென்றிருந்தால் கவலை வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் என்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில் என்பதால் தூள் கொஞ்சம் கூடுதலாகவே வரும். புது வண்டியின் முதல் ஆயிலில் இன்னும் அதிகம். செதிலாகவோ ஊசி போன்ற சில்லாகவோ வந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விமான என்ஜின்களில் இதே காந்தத்தை எச்சரிக்கைக் கருவியாகவே வைத்திருக்கிறார்கள்: இரு முனைகளுக்கு நடுவே உலோகச் சில் படிந்தால் மின்சுற்று இணைந்து விமானியின் முன் விளக்கு எரியும். உங்கள் பிளக்கில் விளக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் துடைப்பதற்கு முன் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். ஆயிலோ 100 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அதிகச் சூடு தாங்கும் வகைதானா, காந்தம் வெறும் பசையால் ஒட்டாமல் உள்ளே அழுத்திப் பொருத்தப்பட்டதா என்று பாருங்கள். மாட்டும்போது புது வாஷர் போட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். அலுமினிய மரை அறுந்தால் ஆகும் செலவு பிளக்கின் விலையைவிடப் பல மடங்கு.